கோணாத சரம்

அத்தியாயம் 9

விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டிக்கு மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துவதில் ஒரு வசதி உண்டு. வருகிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே படியேறினால், அது துக்கமா, கீழே மூட்டை பிரிக்கிறார்களா என்று சொல்ல முடியாது. மொக்கைச்சாமி இந்த வேடிக்கையை வருகிற ஆளிடமெல்லாம் சொல்லுவான். ஆனால் அந்தப் புதன்கிழமை காலை வேல்விழி படியேறி வந்தபோது கீழே மண்டி பூட்டிக் கிடந்தது. அவன் வாயை மூடிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

மேசைக்கு அந்தப் பக்கம் யோகேஸ்வரி. வத்தலை ஒரு கை அள்ளிப் பார்த்தே எந்தக் கரிசலில் விளைந்தது என்று சொல்லும் குடும்பத்துப் பெண். அண்ணன்மார் வத்தலை எடைபோடப் போனார்கள். இவள் ஆட்களை எடைபோட வந்துவிட்டாள். மொக்கைச்சாமிக்கு அவள் முதலாளி. அவளுக்கு அவன் டிரைவர், எடுபிடி, சமயத்தில் தலைவலி.

"உக்காரு தாயி. என்ன விசயம்?"

வேல்விழி உட்காரவில்லை. "எம் புருசன் பிரபாகரன் ஞாயித்துக்கிழமை செத்துப்போனாரு. எந்தம்பி முனியராஜ்தான் கொன்னான்னு போலீஸ் புடிச்சு வச்சிருக்கு. நாளைக்குக் காலையில கோர்ட்டுக்குக் கொண்டு போறாகளாம்."

"கொன்னானா?"

"இல்லக்கா."

"அப்புறம் ஏன் புடிச்சாக?"

"நான் சொன்ன வாக்குமூலத்தாலதான்."

மொக்கைச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவள் சொன்னதைச் சில வரியில் அடக்கலாம். பிரபாகரன் சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறவன். முன்பு மொடாக்குடி, ஆடி மாதத்திலிருந்து தொடுவதில்லை. சனிக்கிழமை இரவு ஷிப்ட் முடித்து ஞாயிறு மதியம் வந்தான், சாப்பிட்டான். வேல்விழி இருக்கன்குடி கோயிலுக்குப் போனாள். பொழுது சாயத் திரும்பி வந்தால், மல்லாந்து படுத்தபடியே பிணமாகக் கிடந்தான். அறுத்துப் பார்த்த டாக்டர், ரத்தம் முழுக்கச் சாராயம் என்றார்.

"மத்தியானம் அவரு ஒரு சொட்டுக்கூடக் குடிக்கலக்கா. நான் சோதிச்சுப் பாத்தேன். அதையேதான் இன்ஸ்பெக்டர்கிட்டயும் சொன்னேன். அப்பன்னா நீ போனதுக்கப்புறம்தான் குடிச்சிருக்கணும், அப்ப வீட்டுக்கு வந்தது உந்தம்பி ஒருத்தன்தான், ரெண்டு பேரும் சண்டை போட்டதப் பக்கத்து வீட்டுக்காரி கேட்டிருக்கா, அவன்தான் வாயில ஊத்தியிருக்கான்னு சொல்றாக. முனியராஜும் ஊமையாட்டம் உக்காந்திருக்கான். எம் புருசன் குடிக்கல. எந்தம்பி கொல்லல. ரெண்டும் நெசமா இருக்க முடியாதுங்காக." அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ரெண்டும் நெசமா வேணும்க்கா."

யோகேஸ்வரி பேனாவை மூடினாள். "சோதிச்சேன்னு சொன்னியே. ஊதச் சொன்னியா?"

"மெஷினக் கழுவுன மண்ணெண்ண வாடையும் மை வாடையும்தான் அவரு மேல எப்பவும் அடிக்கும். மூக்கை நம்ப முடியாது. நான் சரம் பின்னச் சொல்லுவேன்."

"எதச் சொல்லுவ?"

"வீட்டுக்கு வாங்க, காட்டுறேன்."

* * *

திருத்தங்கல்லில் ஒற்றை அறை வீடு. வாசலில் இன்னும் பந்தல் பிரிக்கவில்லை. வேல்விழி பட்டாசு கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பனையோலைப் பெட்டியை இழுத்தாள். உள்ளே முழுக்கச் சரங்கள், பாம்புக் குட்டிகள் மாதிரி. எல்லாம் வெடிமருந்து போடாத, கழித்துப்போட்ட காகிதக் குழாய்கள். திரிக்குப் பதில் சணல் செருகியவை.

"எங்க கம்பெனியில போதையில வாறவன வாசலோட திருப்பி விட்ருவாக. அதுபோலத்தான் நானும். தெனம் வேலை முடிஞ்சு வந்ததும் வாசப்படியில உக்காந்து ஒரு சரம் பின்னணும். நேரா வந்தா உள்ள வரலாம். கோணுச்சுன்னா தின்னுபுட்டு வெளிய படுக்கணும்."

"எங்க வீட்ல இந்தச் சட்டம் வந்தா நான் காவக்காரன் மாதிரி வெளியவே குடியிருக்கணும்" என்றான் மொக்கைச்சாமி.

வேல்விழிக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போயிற்று. "அவரும் அப்படித்தான் சொல்லுவாரு. ஆனா வெளிய தனியா விட மாட்டேன்ணே. கோணுன அன்னைக்கு விடிய விடியப் பக்கத்துல இருப்பேன். ஒருக்களிச்சுப் படுக்க வைப்பேன். வாந்தி எடுத்தா மூச்சு அடைக்குமில்ல."

வேல்விழி மாதம் சொல்லச் சொல்ல, யோகேஸ்வரி சரங்களை எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். சித்திரை மாதத்துச் சரங்கள் தள்ளாடின. குழாய்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்திருந்தன. ஆடிக்குப் பிறகு நிமிர ஆரம்பித்தன. ஐப்பசிச் சரங்கள் தண்டவாளம்.

"கடைசியாப் பின்னினது எது?"

வேல்விழி சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். மற்றதைவிட நீளமான சரம்.

"போதும், உள்ள வாங்கன்னேன். இரு புள்ள, இன்னும் கொஞ்சம்னு பின்னிக்கிட்டே இருந்தாரு. கையி அம்புட்டு சொன்னபடி கேட்டுச்சு. அதப் பாத்துத்தான் எனக்கு மனசு நெறஞ்சு, இன்னைக்கே ஆத்தாவுக்கு மாவிளக்கு வச்சிரலாம்னு கெளம்புனேன்."

யோகேஸ்வரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சாவகாசமாகச் சொன்னாள்: "இங்கன உக்காந்து நீ ஒண்ணு பின்னு தாயி."

"நானா? எதுக்குக்கா?"

"சும்மாத்தான்."

வேல்விழியின் விரல்கள் தானாக ஓடின. கண் எங்கேயோ பார்க்க, கை முடித்துவிட்டது. யோகேஸ்வரி இரண்டு சரங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். மொக்கைச்சாமி குனிந்து பார்த்தான். வேல்விழியின் சரம் அழகாக இருந்தது. ஆனால் மனுசி பின்னியது. அங்கே ஒரு குழாய் மயிரிழை ஏறி, இங்கே ஒன்று இறங்கி. பிரபாகரனின் சரத்தில் அந்த மயிரிழைகூட இல்லை.

"சின்னப் பிள்ளையிலிருந்து பின்னுறவ நீ. உன்னைய விட மெஷின்காரரு கை சுத்தமா இருக்கே?"

"குடிய விட்டதும் கை வந்திருச்சுக்கா" என்றாள் வேல்விழி. சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த பெருமையை மொக்கைச்சாமியால் பார்க்க முடியவில்லை.

காரில் ஏறியதும் கேட்டான்: "முதலாளி, கோணலா இருந்தாச் சந்தேகப்படலாம். நேரா இருக்குதுன்னு சந்தேகப்படுற ஆள இப்பத்தான் பாக்கேன்."

"மண்டியில ஒரு மூட்டையப் பிரிக்கிறோம். வத்தல் பூராவும் ஒரே செவப்பு, ஒரே மினுமினுப்பு. நீ என்ன நெனப்ப?"

"சாயம் ஏத்தியிருக்கான்னு நெனப்பேன்."

"வண்டிய அச்சகத்துக்கு விடு."

* * *

அச்சகத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது. தீபாவளி முடிந்த மறுநாளே சிவகாசி அடுத்த வருடத்துக்குள் போய்விடும். 2006-ல் இன்னும் நாள் மிச்சமிருக்க, தரையெல்லாம் 2007-ன் லட்சுமிகள் காய்ந்துகொண்டிருந்தார்கள். மெஷின் சத்தத்துக்கு மேலே சூப்பர்வைசர் சீனிவாசகம் கத்திப் பேசினார்.

"பிரபாகரனா? தங்கமான ஆப்பரேட்டர்மா. போன வருசம் அவன வெளிய அனுப்பிரலாம்னே இருந்தேன். நின்னுக்கிட்டே தூங்குவான். பேசிக்கிட்டே இருப்பான், படக்குனு தலை தொங்கிரும். ஒருநா ரோலருக்குள்ள வெரலக் குடுக்கப் பாத்தான்."

"குடியாலயா?"

"குடிக்காத அன்னைக்கும்தான். அது ஒரு வியாதியாம். மதுரையில பெரிய டாக்டர்கிட்டப் போனான். அவரு எழுதிக் குடுத்த மாத்திரைக்கு அப்புறம் ஆளே வேற. இந்த சீசன்ல ரெண்டு ஷிப்ட் சேத்துப் பாக்கான், கண்ணு சிமிட்ட மாட்டான். எல்லாருக்கும் அந்த மாத்திரைய வாங்கிக் குடுத்துறலாமான்னு மொதலாளியே கேட்டாரு."

"பெண்டாட்டிக்குத் தெரியுமா?"

"தூங்குற வியாதின்னு தெரிஞ்சா எவன் கம்பெனியில வேலைக்கு வைப்பான்? ஒருத்தர்கிட்டயும் சொல்லாதீக அண்ணாச்சின்னு கையப் புடிச்சுக்கிட்டான்."

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே மொக்கைச்சாமி காணாமல் போயிருந்தான். மெஷினுக்குப் பின்னால் கழிவுத்தாள் கட்டுகள் சுவராக அடுக்கியிருந்தன. திரும்பி வந்தவன் கையில் ஒரு பொட்டலம். நிறம் பிசகிய லட்சுமி ஒருத்தி, உதடு கன்னத்துக்கு நகர்ந்தவள், எதையோ சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா தனியா இல்ல முதலாளி. மடியில கொழந்த வச்சிருக்கா."

பிரித்தான். காலி குவார்ட்டர் பாட்டில்.

"இன்னும் அந்தக் கட்டுக்குள்ள குடும்பமே இருக்கு."

சீனிவாசகம் பாட்டிலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை காலையில?"

"...ஷிப்ட் முடிஞ்சதும் மாத்திரையப் போட்டான். அப்புறம் இங்கன உக்காந்து குடிச்சான். நான் கண்ணால பாத்தேன். வீட்ல எப்படிடா சமாளிப்பன்னு கேட்டேன். இதப் போட்டா எம்புட்டு ஊத்துனாலும் கை ஆடாது அண்ணாச்சி, எம் பெண்டாட்டி வச்ச பரீட்சையில ஆடியிலயிருந்து நான் பாஸுன்னு சிரிச்சான். நேரா நடந்துதான் போனான்மா. சத்தியமா அவனுக்கு ஏறவே இல்லன்னு நெனச்சேன்."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மொக்கைச்சாமி பாட்டிலைத் திரும்பவும் லட்சுமிக்குள் சுற்றினான். அதற்கு ஒரு வேடிக்கை வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டான்.

* * *

மாத்திரை எழுதிய டாக்டரை மதுரையில் செல்போனில் பிடித்தார்கள். யோகேஸ்வரி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"குடிக்கக் கூடாதுன்னு ரெண்டு தடவ சொன்னேனேம்மா!" என்றது குரல். "அது ஆளை முழிக்க வைக்கிற மாத்திரை. போதையைக் குறைக்காது, மறைக்கும். உள்ளே போன சாராயம் உள்ளேதான் இருக்கும். ஆனா கை நடுங்காது, நாக்கு குழறாது, ஏறினதே தெரியாது. ஏறலையேன்னு இன்னும் குடிப்பாங்க. மாத்திரை ஒரு பக்கம் இதயத்தை விரட்டும், சாராயம் ஒரு பக்கம் மூச்சை அமுக்கும். மாத்திரையோட வேகம் எறங்கினதும், குடிச்ச மொத்தமும் ஒரேயடியா ஆளைச் சாய்ச்சிரும்."

"டாக்டர், பக்கத்துல ஆள் இருந்திருந்தா?"

"ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, மூச்சு மாறும்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருந்தா... பிழைச்சிருக்கலாம்."

யோகேஸ்வரி போனை அணைத்தாள். வழியில் இருந்த புளியமரங்களையெல்லாம் மொக்கைச்சாமி வேகமாகப் பின்னால் தள்ளினான்.

* * *

இன்ஸ்பெக்டர் முத்துராமலிங்கம் கெட்ட மனுசரில்லை. கிடைத்த கணக்குச் சரியாக வந்ததால் நம்பியவர். பாட்டிலைப் பார்த்தார், சூப்பர்வைசரும் டாக்டரும் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரிம்மா. ஆனா மத்தியானம் குடிக்கலன்னு கட்டுன பெண்டாட்டி சொல்லியிருக்கு. அது மாத்திச் சொல்லணும். இல்ல, இவன் வாயத் தொறக்கணும்."

கம்பிக்குப் பின்னால் முனியராஜ் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தீப்பெட்டி கம்பெனி வேன் ஓட்டுகிறவன், அக்காவைவிடச் சின்னவன். உதடு வீங்கியிருந்தது.

"ஏலே முனியராஜ்" என்று மொக்கைச்சாமி ஆரம்பித்தான். "வாயத் தொறக்கிறதுக்கு இங்கன கட்டணம் கெடையாது."

முனியராஜ் தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான்.

யோகேஸ்வரி தரையில் உட்கார்ந்தாள். வியாபாரத்தில் எதிராளி விலையே சொல்லாவிட்டால், அவன் மனசில் இருக்கும் விலையை நாம்தான் சொல்லிப் பார்க்கவேண்டும்.

"நீ போகையில உங்க அத்தான் குடிச்சுத்தான் இருந்தாரு. உனக்குத் தெரிஞ்சு போச்சு. அதுக்குத்தான் சண்டை."

முனியராஜ் தலையைத் தூக்கினான். கண்ணில் பயம். அடிக்குப் பயந்த பயம் இல்லை.

"அக்காகிட்டச் சொல்லிட்டீகளா?"

"இன்னும் இல்ல."

"சொல்லிராதீக." கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அத்தான் நெலையா நிக்காம வண்டியத் தொடைச்சுக்கிட்டு இருந்தாரு. வேர்த்துக் கொட்டுது. குளிச்சதுல மை வாடை போயிருந்துச்சு, கிட்டப் போனா வாயில குப்புனு சாராய வாடை. எங்கக்கா ஒனக்காக அங்கன மாவிளக்கு எடுக்கா, நீ இங்கன இப்படிப் பண்ணுறியேன்னு சத்தம் போட்டேன். சொல்லிராத மாப்ளே, அவ சந்தோசமாப் போயிருக்கான்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. எனக்குக் கோவம். செத்துத் தொலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்." நெற்றியைக் கம்பியில் முட்டிக்கொண்டான். "சொல்லிட்டு வந்துட்டேன்க்கா."

"இதச் சொல்லியிருந்தா உன்னைய அன்னைக்கே விட்டிருப்பாகளே?"

"விட்டிருப்பாக. அக்காவுக்கு என்ன மிஞ்சும்? அவரு திருந்திட்டாரு, குடிக்காமப் போய்ச் சேந்தாருன்னு நெனப்பாவது இருக்கட்டும். என்னைய அடிச்சா நாலு நாளைக்கு வலிக்கும்."

மொக்கைச்சாமி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கொலைக்கேசு நாலு நாளுல போகாதுடா" என்றாள் யோகேஸ்வரி.

"பரவால்ல."

"அவளுக்கு எல்லாரும் போயிருவீக. புருசன், தம்பி, ரெண்டு பேரும். நெனப்பை வச்சுக்கிட்டு அவ என்ன செய்வா?"

அவன் கம்பியை விட்டுவிட்டுத் திரும்ப உட்கார்ந்தான். ஆனாலும் அக்காவிடம் சொல்லுங்கள் என்று அவன் சொல்லவில்லை.

* * *

பந்தலுக்கு அடியில் வேல்விழி ஒத்தையில் உட்கார்ந்திருந்தாள். யோகேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். தூங்கும் வியாதியை, மாத்திரையை, பாட்டிலை, தம்பி ஏன் ஊமையானான் என்பதை. எதிரில் இருப்பவள் கத்துவாள், மயங்கி விழுவாள் என்று மொக்கைச்சாமி தண்ணீர்ச் செம்போடு நின்றான். அவள் அசையவே இல்லை.

"ஆடியிலயிருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா."

"அப்ப ஒருநாக்கூட விடலையா?"

யோகேஸ்வரி அவள் தோளில் கை வைத்தாள்.

"சொல்லியிருக்கலாம்ல. தூக்கம் வருது புள்ள, வேலை போயிரும் போல இருக்குன்னு. குடிய விட முடியல புள்ளன்னு. நான் என்ன, கடிச்சா தின்னுருவேன்?" அவள் கை மடியில் எதையோ தேடியது, பிறகு நின்றது. "நான்தானக்கா பரீட்சை வச்சேன். பரீட்சை வச்சா பிட் அடிக்கத்தான செய்வாக."

"அவரு செஞ்சதுக்கு நீ பொறுப்பில்ல தாயி."

வேல்விழி அவள் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "ஒண்ணு கேக்கேன். நான் கோயிலுக்குப் போகாம, எப்பவும் போல பக்கத்துல இருந்திருந்தா?"

மொக்கைச்சாமி முதலாளியைப் பார்த்தான். எத்தனையோ கேசில் எத்தனையோ பேர் கெஞ்சியும் உண்மையில் ஒரு பைசா தள்ளுபடி தராதவள்.

"இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது" என்றாள் யோகேஸ்வரி. "டாக்டரே சொன்னாரு. இதயம் நின்னுருச்சு. ஆருமே ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதாம்."

வேல்விழி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு செம்போடு நின்ற மொக்கைச்சாமியின் முகத்தைப் பார்த்தாள். அவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான்.

"உங்களுக்குப் பொய் சொல்ல வரலக்கா" என்றாள் மெதுவாக. "அவருக்கு வந்துச்சு."

எழுந்தாள். முகம் கழுவினாள். கதவைச் சாத்தினாள்.

"ஸ்டேசனுக்குப் போவோம்."

இன்ஸ்பெக்டர் முன்னால் உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை. கம்பிக்குப் பின்னாலிருந்து முனியராஜ் எழுந்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் அவனைப் பார்க்காமலே பேசினாள்.

"எழுதிக்கோங்க சார். எம் புருசன் அன்னைக்கு மத்தியானம் வீட்டுக்கு வரும்போதே குடிச்சிருந்தாரு."

"முன்னாடி குடிக்கலன்னு உறுதியாச் சொன்னியேம்மா?"

"குடிக்கலன்னுதான் சார் இருந்தேன்."

ரைட்டரின் பேனா ஓடியது. படித்துக் காட்டினார்கள். புருசன் குடித்திருந்தான் என்று அடுத்தவர் வாயால் கேட்கும்போதுதான் அவள் உடம்பு ஒருமுறை குலுங்கியது. கையெழுத்துப் போட்டாள்.

கம்பிக் கதவைத் திறந்துவிட்டார்கள். முனியராஜ் வாசலைத் தாண்டாமல் அங்கேயே நின்றான். "அக்கா, நான் சொல்லலக்கா. அவரு சொல்ல வேணாம்னாரு."

வேல்விழி கிட்டே போனாள். வீங்கியிருந்த உதட்டைத் தொடப்போய்த் தொடாமல் கையை இறக்கினாள்.

"கும்பிட்டாருன்னு சொன்னியாமே" என்றாள். "நான் சந்தோசமாப் போயிருக்கேன்னு அவரு வாயால சொன்னாராலே?"

"ஆமாக்கா."

"எப்படிச் சொன்னாருன்னு சொல்லு. அப்படியே சொல்லு."

அவன் சொன்னான். இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். அவன் அழுதுகொண்டே இன்னொருமுறை சொன்னான்.